புரை நின்ற மத்தியானம்

கலியபெருமாள் அண்ணனுக்குப் புரையேறினால் அந்த வீட்டில் யாரும் முதுகைத் தடவ ஓட மாட்டார்கள். பெயர் தேடுவார்கள்.

நம் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டுவோம். அத்தோடு மறந்துபோவோம். பக்கவாதத்தில் படுத்த அண்ணனுக்கு வேளைக்குப் பத்துத் தடவை புரையேறியதால், அங்கே அது ஒரு தினசரி வேலையாகவே ஆகியிருந்தது. ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்ப்பார்கள். எந்தப் பெயருக்கு இருமல் அடங்குகிறதோ அந்த ஆள்தான் நினைத்தவர்.

அன்றைக்கு மோர் ஊற்றிக் கரைத்த சோறு. மூன்று தலையணை அடுக்கி அண்ணனைச் சாய்த்து வைத்திருந்தேன். அவர் மனைவி கொளஞ்சியக்கா கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். நாலாவது கரண்டியில் பிடித்துக்கொண்டது. முகம் கறுத்தது. மூக்கு வழியாக மோர் வந்தது.

பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணனுடைய அக்கா ராசாத்தியம்மா அதற்குள் தலைமாட்டுக்கு வந்து தட்டத் தொடங்கியிருந்தார்.

"யாரு நெனக்கிறா? திருப்பூர்ல ஒம் மவளா?"

இருமல் நிற்கவில்லை. மருமகன் பெயர், கூட லாரி ஓட்டியவர்களின் பெயர்கள், மேலத்தெரு சம்பந்தி பெயர். எதிர்வீட்டுக்காரியின் பெயரையும் ராசாத்தியம்மா சொல்லிப் பார்த்தார். "அவ நெனச்சா வயித்தாலல்ல போவும்" என்றார் கொளஞ்சியக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

ராசாத்தியம்மா தட்டுவதை நிறுத்தினார். கை தலைமேலேயே இருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"தங்கராசா?"

இருமல் நின்றது. அடங்கவில்லை, நின்றது. குழாயைத் திருகி மூடியது போல. அண்ணன் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தார். கடைவாயிலிருந்து மோர் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

தங்கராசு அவர்கள் இருவருக்கும் மூத்த அண்ணன். செத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

ஓட்டலிலிருந்து கட்டிலுக்கு

பாடாலூர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டரோடு கைகலப்பாகி, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்த கதை இந்தத் தொடரில் போன வாரம் வந்தது. படித்தவர்கள் அடுத்து எங்கே போனாய் என்று கேட்கிறார்கள். ஆலத்தியூர் போனேன். சிமெண்டு மூட்டை ஏற்றினேன். மூன்று மாதத்தில் முதுகு போயிற்று.

மூட்டை தூக்க முடியாதவனுக்கு ஆளைத் தூக்கும் வேலை கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய கலியபெருமாளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, புரட்டிப் போடவும் குளிப்பாட்டவும் ஆள் வேண்டும் என்று டீக்கடையில் சொன்னார்கள். சாப்பாடும் படுக்க இடமும் உண்டு என்றதும் போய்விட்டேன்.

செந்துறைப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு புறம் முந்திரித் தோப்பு, மறுபுறம் சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்டுப்போன பள்ளங்கள். தினமும் மத்தியானம் தூரத்துச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். முதலில் சொம்புத் தண்ணீர் நடுங்கும். அப்புறம்தான் சத்தம் வரும். அந்த ஊரில் எல்லாரும் பேச்சை அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார்கள். பத்து நாளில் எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

தங்கராசு செத்தது அப்படி ஒரு கைவிட்ட பள்ளத்தில். மழைத்தண்ணீர் நிரம்பி, பச்சையாக, அடி தெரியாமல் கிடக்கும். மாட்டைக் குளிப்பாட்ட இறங்கியவர் மூன்றாம் நாள் மேலே வந்தார். கரையில் நின்றிருந்தவர் தம்பி கலியபெருமாள். நீச்சல் தெரியாதவர். அதைப்பற்றி அவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று கொளஞ்சியக்கா சொன்னார். லாரியை அந்தப் பக்கம் ஓட்டவே மாட்டாராம்.

நல்ல நாட்கள்

புரை நின்றது. அது ஒரு நாளோடு போகவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஊட்டியதெல்லாம் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

வீடே லேசானது. கொளஞ்சியக்கா முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டதை அந்த வாரம்தான் பார்த்தேன். மூக்கில் குழாய் போட்டு அனுப்பினார்களாம் ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே அண்ணன் நல்ல கையால் அதைப் பிடுங்கிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வேளையும் போராட்டமாக இருந்தது. இப்போது ஒரு பெயரில் தீர்ந்துவிட்டது.

"மூத்தவந்தான் நெனச்சிக்கிட்டு இருந்திருக்கான். பேர் சொல்லிக் கூப்புட ஆளில்லாம இருந்திருக்கான்" என்றார் ராசாத்தியம்மா. வாசலில் ஒரு சொம்பு தண்ணீரும் வைத்தார்.

தண்ணீர் கொடுப்பதில் அவர்கள் ரொம்பச் சுத்தம். வாய் வைத்து எச்சில் பண்ணும் பழக்கம் கிடையாது. நோயாளியானாலும் அப்படித்தான். அண்ணனின் தாடையைப் பிடித்து அண்ணாத்தி, மேலேயிருந்து ஒரே தாரையாக ஊற்றுவார்கள். லாரி ஓட்டிய நாளில் ஸ்டியரிங்கில் ஒரு கையும் பாட்டிலில் ஒரு கையுமாக அப்படிக் குடித்துப் பழகியவர். எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் குரல் மாறியது.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் பேச்சு குழறல்தான். ஆனாலும் அது அவர் குரல். இது வேறு. நெஞ்சுக்குள் ஒரு பானை இருந்து, அதில் பாதிக்குத் தண்ணீர் இருந்து, அதற்கடியிலிருந்து ஒரு ஆள் பேசுவது போல. களகளவென்று. 'ம்' என்றாலும் அதில் குமிழ் உடையும்.

முதல் நாள் அதைக் கேட்டதும் ராசாத்தியம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "கொளஞ்சி, கேட்டியா? இது பெருமாளு இல்ல" என்றார்.

கொளஞ்சியக்கா பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் போய்க் கேட்டேன். "மூத்தவரு கொரலு இப்புடித்தான் தம்பி கட்டையா இருக்கும்" என்றார். தங்கராசு குரலை நான் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அண்ணனிடமே கேட்டுப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலை. "அண்ணே, உள்ள பேசறது நீங்கதானே?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். பிறகு அந்த ஈரக் குரலில் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்கூட விளங்கவில்லை.

தண்ணீரில் போனவனுக்குத் தாகம் அடங்காது என்பது ராசாத்தியம்மாவின் முடிவு. குரல் வரும்போதெல்லாம் ஒரு டம்ளர் ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இருமலே இல்லை. சாயங்காலம் லேசாக உடம்பு சுட்டது. மாத்திரை கொடுத்தோம். உடம்பு இளைத்து, இடுப்பு வேட்டி நிற்காமல் நழுவத் தொடங்கியது.

ஒரு பெட்டை ஆடு

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கிடைக்காரர்களோடு சுற்றினேன். ஊர் ஊராகப் போய் அறுத்த வயலில் ராத்திரிக்கு ஆட்டை மடக்கினால் புழுக்கை எருவாகும், வயல்காரர் நெல் தருவார். அதுதான் கிடை. ஆட்டுக்கு வயிறு உப்பினால் மூங்கில் குழாயில் மருந்து ஊற்றுவார்கள். ஒரு நாள் ஆளில்லை என்று நானே ஊற்றினேன். பெட்டை ஆட்டின் மூஞ்சியை வானம் பார்க்கத் தூக்கி, குழாயைக் கவிழ்த்தேன். மற்ற ஆடுகள் இருமித் துப்பும். இது இருமவில்லை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அதன் கத்தல் மாறியது. தண்ணீருக்குள் தலையை வைத்துக் கத்துவது போல. மூன்றாம் நாள் நின்ற இடத்திலேயே மடிந்தது. அறுத்தபோது வயிற்றில் மருந்து இல்லை. நுரையீரலை அமுக்கினால் மருந்து வாசனையோடு நுரை வந்தது. அன்றைக்கே என்னைத் துரத்திவிட்டார்கள்.

அந்தக் கத்தலை இத்தனை வருடம் மறந்திருந்தேன். அண்ணனை ஒருக்களித்துப் போட்டு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது, என் உள்ளங்கைக்குக் கீழே அந்த நுரை ஓடுவது தெரிந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

நான் ஊற்றிய டம்ளர்

கொளஞ்சியக்காவிடம் சொன்னேன். உள்ளே போவது வயிற்றுக்குப் போகவில்லை, நெஞ்சுக்குப் போகிறது என்றேன். "இருமலே இல்லையே தம்பி" என்றார். அதுதான் பயமாக இருக்கிறது என்றேன். ராசாத்தியம்மா குறுக்கே வந்தார்.

"ஆடு மேச்சவன்லாம் டாக்டரு. செத்தவன் தாகத்த நிறுத்தினா இருக்கறவனயும் இழுத்துக்கிட்டுப் போயிடுவான். தெரியுமா ஒனக்கு?"

எனக்குப் பேசி ஜெயிக்கத் தெரியாது. செய்துதான் காட்டத் தெரியும். அடுத்த நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தேன். எச்சிலைத் துணியால் ஒற்றி எடுத்தேன். மத்தியானம் அவர் பேசியபோது குரலில் களகளப்பு குறைந்திருந்தது. இரண்டு பெண்களையும் கூப்பிட்டேன்.

"மொதல்ல இதக் கேளுங்க. இப்ப தண்ணி ஊத்தறேன். அப்புறமும் கேளுங்க. கொரலு வந்து தண்ணி கேக்கல. தண்ணி போயித்தான் கொரலு வருது."

ஊற்றினேன். ஒரு டம்ளர். எங்கே போகிறது என்று தெரிந்தே ஊற்றினேன். அவர் இருமவில்லை. என்னையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து வெடி போட்டார்கள். அலமாரிச் சாமான் நடுங்கி அடங்கியது. அந்த அமைதியில், தண்ணீருக்கடியிலிருந்து அந்த ஆள் பேசினார்.

ராசாத்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா, குடிச்சதும் பேசறான். எங்கண்ணன் குளுந்துட்டான்" என்றார்.

நான் காட்டிய அதே விஷயம் அவருக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

கொளஞ்சியக்காதான் குனிந்தார். புருஷனின் நெஞ்சில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது கன்னத்தில் அவர் வேர்வை ஒட்டியிருந்தது.

"அண்ணி, அது மூத்தவரு இல்ல. அது தண்ணி."

அன்று பொழுது சாய்வதற்குள் உடம்பு கொதித்தது. மூச்சு வாங்கியது, உதடு நீலமாகியது. ஆம்புலன்சில் பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம். அந்தக் கடைசி டம்ளரை ஊற்றாமலே புரியவைத்திருக்க முடியுமா என்று வழியெல்லாம் யோசித்தேன். இன்னமும் யோசிக்கிறேன். ஒரு வழியும் தோன்றவில்லை. அதனால் அது சரி என்றும் ஆகிவிடாது.

விழுங்கக் கற்றுக்கொடுத்த பெண்

ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். நிமோனியா. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் பழைய அடைப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன அடைப்பும் இருக்கிறது என்றார் டாக்டர். என்றைக்கு வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நாளுக்குள் என்று சொல்லலாம், நாள் சொல்ல முடியாது என்றார். தங்கராசு பெயர் சொன்ன அந்த மத்தியானத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வந்தார். சின்ன வயது. பக்கத்துக் கட்டிலில் கைநடுக்க நோய்க்காரர் ஒருவர் ஒரு இட்லியை முக்கால் மணி நேரம் தின்பார். அவரையும் இந்தப் பெண்தான் பார்த்தார். அண்ணனின் தொண்டை முடிச்சின் மேல் இரண்டு விரல் வைத்து, எச்சிலை விழுங்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்டார்.

"தொண்டையில ரெண்டு வழிம்மா. தப்பான வழியில போனா ஒடம்பே இருமித் தள்ளணும். ஐயாவுக்கு அந்த ஒணர்ச்சி போயிடுச்சு. இருமல் நின்னது கொணமாகி இல்ல. காவக்காரன் தூங்கிட்டான்."

கொளஞ்சியக்கா பெயர் சொல்லிப் பார்க்கும் வழக்கத்தைச் சொல்லவில்லை. அண்ணாத்தி ஊற்றியதை மட்டும் சொன்னார். அந்தப் பெண் திட்டவில்லை. தண்ணீர்தான் இருப்பதிலேயே ஆபத்து, அது ஓடும் வேகத்துக்கு இவர் தொண்டை மூடாது என்றார். இனி எல்லாம் கெட்டியாக. கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் மெதுவாக நழுவ வேண்டும். தண்ணீரிலும் ஒரு பொடி கலந்து கூழாக்க வேண்டும். நேராக உட்கார வேண்டும், தாடை நெஞ்சைப் பார்க்க வேண்டும். "எச்சில் பண்ணியே குடிக்கட்டும்மா, பரவால்ல."

சில வாரம் மூக்குக் குழாயிலேயே போயிற்று. இந்த முறை அவர் பிடுங்கவில்லை. பிறகு ஒரு நாள் முதல் கரண்டி கொடுத்தார்கள். ஒரு முறை விழுங்கி, இன்னொரு முறை வெறுமனே விழுங்கி, அதன் பிறகு குரல் கொடுத்துக் காட்ட வேண்டும். குரல் காய்ந்து தெளிவாக வந்தால் அடுத்த கரண்டி. ஈரமாக வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

"ஆ-ன்னு இழுங்க ஐயா."

அவருக்கு வரவில்லை. உதடு கோணியது. அந்தப் பெண் பொறுமையாக, ஆ வேண்டாம், வாயில் வருகிற ஏதாவது சொல்லுங்கள் என்றார். அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, அந்த வீட்டில் நான் ஒருநாளும் கேட்டிராத தெளிவோடு, சொந்தக் குரலில், இழுத்துச் சொன்னார்.

"அண்ணே."

கொளஞ்சியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாருக்கு. அதுவே போதும் ஐயா, அதையே சொல்லுங்க" என்றார் அந்தப் பெண். தங்கராசைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு கரண்டிக்கும்

வீட்டுக்கு வந்தோம். கேழ்வரகுக் கூழ், மசித்த இட்லி, பொடி போட்ட தண்ணீர். வேளைக்கு நாற்பது கரண்டி இருக்கும். நாற்பது தடவை அந்த வீட்டில் அந்தக் குரல் கேட்கும்.

ராசாத்தியம்மா சாப்பாட்டு நேரத்தில் வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் சுவர் ஒன்றுதான். ஒருநாள் குழாயடியில் என்னை நிறுத்தினார்.

"எதுக்குத் தம்பி அவனக் கூப்புட்டுக்கிட்டே கெடக்கறான்?"

தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றேன்.

"வேளைக்கு நாப்பது வாட்டி கூப்புட்டா, வந்துட மாட்டானா?"

குடத்தைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரே இடத்தில் அத்தனை நாள் இருந்ததே அதிகம். ஜெயங்கொண்டத்தில் முந்திரி உடைக்கும் இடத்தில் ஆள் கேட்டார்கள். கொளஞ்சியக்கா எல்லாம் பழகிவிட்டார். கரண்டியில் இருக்கும் கூழின் பதத்தைப் பார்வையிலேயே சொல்லுவார், ஈரக் குரலைப் பின்கட்டிலிருந்தே கண்டுபிடிப்பார். கிளம்பிய அன்று காலை, பையை மாட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். அக்கா கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு கரண்டி. அண்ணன் தாடையைத் தாழ்த்தி விழுங்கினார். மறுபடி விழுங்கினார்.

"அண்ணே."

தெளிவு. அடுத்த கரண்டி. "அண்ணே." அடுத்தது.

அடுத்ததற்கு அவர் விழுங்கினார். இரண்டாவது முறையும் விழுங்கினார். குரல் வரவில்லை. கொளஞ்சியக்கா கரண்டியைக் கிண்ணத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, கழுத்தை அவர் பக்கம் சாய்த்தார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நான் நகரவில்லை.

"சொல்லுங்க" என்றார் அக்கா.

அண்ணன் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. யாரும் நிற்காத கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்த்தபடியே "அண்ணே" என்றார். காய்ந்த, சுத்தமான குரல். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

சொல்லிவிட்டு உடனே வாயைத் திறக்கவில்லை. யாரோ பதில் சொல்லி முடிக்கும் அளவுக்குக் காத்திருந்தார். தலையை ஒருமுறை ஆட்டினார். அதன் பிறகுதான் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.